முயலின் கண்ணில் ஒரு நிமிடச் சூடு

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல் வட்டாரங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. வெறுங்கண்ணால் பார்க்காதே என்ற எச்சரிக்கையை அன்று கேட்காதவர்கள் குறைவு. அந்த எச்சரிக்கைக்குள் ஒரு புதிர் இருக்கிறது. சூரிய ஒளி கண்ணுக்குள் நுழைந்ததும் முதலில் கருவிழிப் படலமான கார்னியாவைக் கடக்கிறது. அடுத்து அதன் பின்னால் தேங்கியிருக்கும் நீரை, பிறகு லென்ஸை, பிறகு கண்ணின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும் கூழை. இத்தனையும் தாண்டித்தான் விழித்திரைக்கு வருகிறது. ஆனால் கிரகணம் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவரைப் பரிசோதித்தால், கடைசியில் இருக்கும் விழித்திரையில்தான் காயம் தெரியும். வழியில் இருந்த கார்னியாவும் லென்ஸும் தெளிவாகவே இருக்கும்.

லென்ஸ் ஒளியைக் குவிப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். ஒளி ஊடுருவிச் செல்லும் திசுவில் அது தன் ஆற்றலை விட்டுச் செல்வதில்லை. எங்கே உறிஞ்சப்படுகிறதோ அங்கேதான் வெப்பமாகவோ வேதிமாற்றமாகவோ மாறும். கார்னியாவும் லென்ஸும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடையின்றி விட்டுவிடுகின்றன. விழித்திரையின் அடியிலோ மெலனின் நிரம்பிய ஓரடுக்குச் செல்கள் இருக்கின்றன. அதற்கும் பின்னால், ரத்தக்குழாய்களும் நிறமிச் செல்களும் பின்னிக் கிடக்கும் விழியடிக் கரும்படலம். கண் மருத்துவர்கள் கோராய்டு என்பார்கள். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே மெலனின்தான் இங்கே ஒளியைப் பிடித்து நிறுத்துகிறது.

பெரியவர்களின் கண்ணுக்குள்ளேயே தோன்றும் புற்றுநோய்களில் முதன்மையானது மெலனோமா. அது பெரும்பாலும் இந்தக் கரும்படலத்தின் நிறமிச் செல்களிலிருந்தே கிளம்புகிறது. அப்படியானால் கத்தி வைக்காமல், கண்மணி வழியாக ஒளியை அனுப்பியே அந்தக் கட்டியைச் சுட்டுவிட முடியாதா?

இதற்கு விடை தேடிய கதையில் மருத்துவர்களுக்கு இணையாக முயல்களும் ஹாம்ஸ்டர்களும் சுண்டெலிகளும் நாய்களும் வருகின்றன. ஒவ்வொரு விலங்கின் கண்ணும் ஏதோ ஒரு கேள்விக்குச் சரியான பதிலைத் தந்தது, வேறொரு கேள்வியில் ஆளைத் திசைதிருப்பியும் விட்டது. எந்தக் கண்ணிடம் எதைக் கேட்பது என்று பிடிபடவே பல பத்தாண்டுகள் ஆயின.

1945 ஜூலையில் ஒரு சூரிய கிரகணம். அதைப் பார்த்துவிட்டு விழித்திரையின் நடுவே தழும்போடு வந்த ஒரு மருத்துவ மாணவரை, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கெர்ட் மையர்-ஷ்விக்கராத் என்ற இளம் கண் மருத்துவர் பரிசோதித்தார். சூரியன் தற்செயலாகப் போட்ட அந்தத் தழும்பை மருத்துவர் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் போட்டால் என்ன? கிழிந்த விழித்திரையை ஒட்டவைக்க அது உதவுமே என்று அவருக்குத் தோன்றியது. முதலில் முயல்களின் கண்களில் முயன்று பார்த்தார். பிறகு மருத்துவமனையின் கூரையில் கண்ணாடிகளை அமைத்துச் சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் இறக்கினார். ஹாம்பர்க்கின் வானமோ பாதி நாள் மூடியே கிடக்கும். அதனால் கார்பன் வில் விளக்குக்கு மாறினார். 1950களில் சைஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் லிட்மானுடன் சேர்ந்து செனான் விளக்குக் கருவியை உருவாக்கினார். ஒளி உறைவிப்பு என்ற சிகிச்சைமுறை இப்படிப் பிறந்தது. விழித்திரைக் கிழிசலோடு நிற்காமல், சிறிய மெலனோமாக் கட்டிகள் மீதும் அவர் அந்த ஒளியைப் பாய்ச்சினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சூரியனை உற்றுப் பார்ப்பதால் வரும் கேடு பெரும்பாலும் வெப்பத்தால் வருவதில்லை, நீல ஒளி தூண்டும் வேதிவினைகளால் வருகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. மையர்-ஷ்விக்கராத்தின் விளக்குகள் செய்ததோ அசல் சூடு. பாதி பிழையான ஓர் ஊகம் முழுக்கச் சரியான ஒரு கருவியில் கொண்டுவிட்டது. அறிவியலில் இது அபூர்வமில்லை.

சூடு உண்டாகும் இடம் மெலனின்தான் என்று எப்படித் தெரியும்? இங்கே முயல் தன் முதல் சாட்சியத்தைச் சொல்கிறது. ஆய்வகங்களில் இரண்டு வகை முயல்கள் வழக்கம். வெள்ளை ரோமமும் சிவந்த கண்ணும் கொண்ட நியூசிலாந்து வெள்ளை முயலுக்கு உடலில் எங்குமே மெலனின் கிடையாது. சாம்பல் நிறச் சின்சில்லா முயலுக்கும், கறுப்பும் வெள்ளையுமான டச்சு முயலுக்கும் உண்டு. ஒரே சிவப்பு விளக்கு, ஒரே நேரம், ஒரே திறன். நிறமுள்ள முயலின் விழித்திரையில் வெளிறிய புண் ஒன்று உடனே தோன்றும். அதே சிவப்பு ஒளிக்கு வெள்ளை முயலின் விழித்திரை ஏறக்குறைய அசைந்தே கொடுக்காது. இரண்டு கண்களுக்கும் முக்கியமான வேறுபாடு நிறமி ஒன்றுதான் என்பதால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. கண் லேசர் ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் முயலின் இனம் முன்வரிசையில் குறிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். இனம் தெரியாவிட்டால் அந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எண்களுக்குப் பொருளே இல்லை.

1960 மே மாதம் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தார். மாணிக்கப் படிகத்திலிருந்து வந்தது, 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி. மறு ஆண்டே மில்டன் சாரெட்டும் குழுவினரும் அந்த லேசரை முயல்களின் கண்ணில் பாய்ச்சி, விழித்திரையிலும் கண்மணியைச் சுற்றியுள்ள நிறவளையமான ஐரிஸிலும் உண்டான புண்களை ‘சயின்ஸ்’ இதழில் விவரித்தனர். செனான் விளக்குக்குப் பாதி நொடியாவது வேண்டிய வேலையை லேசர் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடித்தது. 1961 டிசம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் சார்லஸ் கேம்பெல், லேசர் பொறியாளர் சார்லஸ் கோஸ்டருடன் சேர்ந்து, ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை மாணிக்க லேசரால் அழித்தார். மனித உடலில் லேசர் செய்த முதல் சிகிச்சையாக இன்று சொல்லப்படுவது இதுதான். முதல் லேசர் ஒளிர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை!

இவ்வளவு வேகமாக வந்த வெற்றி ஆசையைக் கிளப்பாமல் இருக்குமா? சிறு துடிப்பு சிறு கட்டியை அழித்தால், பெரிய துடிப்பு பெரிய கட்டியை அழிக்க வேண்டும். பாஸ்டனில் பால் மெக்கஃப் குழு, ஹாம்ஸ்டர்களின் கன்னப்பையில் வளர்த்த புற்றுக்கட்டிகளை லேசரால் தாக்கிக் கரையவைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவை மருத்துவர்கள் அதைவிடப் பல மடங்கு ஆற்றலுள்ள நியோடிமியம் லேசரை எலிகளின் மெலனோமாக் கட்டிகள் மீது பாய்ச்சினார்கள். கட்டி வெடித்துச் சிதறியது. அத்தோடு விட்டிருந்தால் அதுவும் வெற்றிப் பட்டியலில் சேர்ந்திருக்கும். அவர்கள் காற்றில் பறந்த துணுக்குகளையும் பிடித்து ஆராய்ந்தார்கள். அவற்றில் உயிருள்ள புற்றுச் செல்கள் இருந்தன. 1967இல் ஹோய், கெட்சம், ரிகிள் மூவரும் வெளியிட்ட அந்த முடிவு பலரின் உற்சாகத்தைத் தணித்தது. மிகக் குறுகிய நேரத்தில் பாயும் பேராற்றலுக்குத் திசுவைச் சமைக்க அவகாசமில்லை. உள்ளிருக்கும் நீரைச் சட்டென ஆவியாக்கி வெடிக்கவைக்கிறது. ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் கரும்படலத்தில் இப்படி ஒரு வெடிப்பு நடந்தால் செல்கள் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த எலிகள் மட்டும் இல்லாதிருந்தால் இந்தப் பாடத்தை நோயாளிகளிடம்தான் கற்றிருப்பார்கள்.

இதுவரை வந்த முயல்களுக்கு ஆரோக்கியமான கண்கள். கட்டிக்குச் சிகிச்சை தேட, கண்ணுக்குள் கட்டியுள்ள விலங்கு வேண்டும். முயலுக்கு இயல்பாகக் கண் மெலனோமா வருவது அரிதிலும் அரிது. இந்த இடத்தில் கைகொடுத்தது யேல் பல்கலைக்கழகத்தின் ஹாரி கிரீன் 1958இல் விவரித்த ஒரு கட்டி. ஒரு ஹாம்ஸ்டருக்குத் தானாக வந்த மெலனோமா அது. ஒரு விலங்கிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி நட்டு வளர்க்க முடிந்தது. கிரீன் இன்னொன்றையும் கவனித்தார். கறுப்பாகத் தொடங்கிய கட்டி, நட்டு நட்டு வளர்க்கும்போது சில சமயம் நிறமியை இழந்து வெளிறிப்போனது. லேசர் ஆய்வாளர்களுக்கு இது அதிர்ஷ்டம். ஒரே மூலத்திலிருந்து வந்த கறுப்புக் கட்டியும் வெளிறிய கட்டியும் கையில் இருந்தால், முயல் இனங்களை ஒப்பிட்டது போலவே கட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஹாம்ஸ்டரின் கட்டி முயலின் உடலில் பிழைக்குமா? தொடையில் வைத்தால் முயலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று கண்டு அழித்துவிடும். கண்ணுக்குள் வைத்தால் கதை வேறு. 1873லேயே டச்சுக் கண் மருத்துவர் வான் டோரெமால், நாயின் கண் முன்னறையில் வைத்த எலித்தோல் வியக்கத்தக்க அளவு நீடித்து வாழ்வதைக் கண்டிருந்தார். 1948இல் பீட்டர் மெடவார் முயல்களில் இதை முறையாகச் சோதித்தார். கண்ணுக்கு உடல் ஒரு சலுகை தந்திருக்கிறது. எதிர்ப்பு மண்டலம் அங்கே முழுவேகத்தில் போரிட்டால் அந்நியப் பொருளோடு பார்வையும் அழிந்துவிடும் என்பதால், கண்ணில் அது அடக்கியே வாசிக்கிறது. அந்தச் சலுகையின் மறைவில் ஹாம்ஸ்டரின் கட்டி முயலின் கண்ணில் வளர்ந்தது. முதலில் முன்னறையில், பிறகு கரும்படலத்துக்கு அடியிலேயே கட்டித் துணுக்கை நட்டு, மனிதக் கட்டி இருக்கும் அதே இடத்தில் வளர்க்கக் கற்றார்கள்.

முயலைத் தேர்ந்தெடுக்க அளவும் ஒரு காரணம். மனிதக் கண்ணின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். முயலுடையது 16 முதல் 18. சுண்டெலியின் கண்ணோ முழுக்க அளந்தாலே 3 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அதிலும் பெரும்பகுதியை லென்ஸ் அடைத்துக்கொண்டிருக்கும். மனிதக் கட்டிக்குப் பயன்படுத்தும் லேசர்ப் புள்ளியின் அகலமே 3 மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைச் சுண்டெலியின் கண்ணில் வைத்தால் கட்டி எங்கே, கண் எங்கே?

கட்டி கிடைத்தது, லேசரும் இருந்தது. ஆனாலும் ஒளி உறைவிப்பு ஓர் இடத்தில் முட்டி நின்றது. செனானும், 1960களின் இறுதியில் வந்த பச்சை-நீல ஆர்கான் லேசரும் கட்டியின் மேற்பரப்பைப் பாதி நொடியில் 65 டிகிரிக்கு மேல் சூடாக்கின. அந்தச் சூட்டில் புரதம் உறைந்து வெளுத்துவிடும். வெளுத்த பரப்பு அடுத்து வரும் ஒளியைச் சிதறடித்துத் திருப்பியனுப்பும். மேலே ஒரு மெல்லிய அடுக்கு வெந்து, தன் கீழே இருக்கும் கட்டிக்குத் தானே கேடயமாகிவிடும். ஊத்தப்பம் சுடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். கல்லைக் காயவிட்டு முழுத் தீயில் வைத்தால் அடிப்பக்கம் கருகும், நடுவில் மாவு பச்சையாகவே இருக்கும். தீயைத் தணித்து மூடி போட்டு வைத்தால் அடியும் கருகாமல் உள்ளும் வேகும்.

அந்தத் தணிந்த தீயைக் கண்டுபிடித்தவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தினர். ஓஸ்டர்ஹவுஸ், யோர்னே-தெ கோர்வர் ஆகியோரின் குழு மூன்றை மாற்றியது: நிறம், நேரம், சூடு. பச்சைக்குப் பதில் 810 நானோமீட்டர் அகச்சிவப்பு. மெலனின் இதைச் சற்றுக் குறைவாகவே உறிஞ்சுவதால் ஒளி மேற்பரப்பில் தீர்ந்துவிடாமல் ஆழத்துக்கு இறங்கும். பாதி நொடிக்குப் பதில் ஒரு முழு நிமிடம். 65 டிகிரிக்கு மேல் போகாமல் 45க்கும் 60க்கும் இடையே. இந்தச் சூட்டில் புரதம் வெளுத்து உறைவதில்லை. ஆனால் செல்லும் அதற்குத் தீனி கொண்டுவரும் நுண்ணிய ரத்தக்குழாயும் சாகின்றன. ஒளி இறங்கும் பாதை கடைசிவரை திறந்தே இருக்கிறது. கண்மணி வழி வெப்ப சிகிச்சை என்று பெயர் வைத்தார்கள். சிகிச்சை சரியாக நடந்தால் லேசர் படும் இடத்தில் மருத்துவர் கண்ணுக்கு மாற்றமே தெரியக்கூடாது, லேசாகச் சாம்பல் பூத்தால் போதும். பளிச்சென்று வெளுத்தால் தீ அதிகமாகிவிட்டது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியாத சாவை எப்படி அளப்பது? ஹாம்ஸ்டர்களிலும் முயல்களிலும் முதலில் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, ஒரு கட்டிக்கு லேசர், இன்னொன்றுக்கு எதுவுமில்லை. முடி அளவு மெலிந்த வெப்பமானியைத் திசுவுக்குள் செருகி, ஒளி பட்ட நொடியிலிருந்து சூடு ஏறுவதைப் பதிவுசெய்ய முடியும். சில நாள் கழித்துக் கட்டியைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், இறந்த செல்களின் உட்கரு சுருங்கி இருண்டிருக்கும், உயிருள்ளவற்றில் தெளிவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை மில்லிமீட்டரில் அளக்கலாம். சில நாள் காத்திருப்பது இங்கே அவசியம். வெப்பத்தால் சாகப்போகிற செல் உடனே அந்த அடையாளங்களைக் காட்டிவிடாது.

ஆனால் ஹாம்ஸ்டரின் கட்டி மனிதக் கட்டியாகிவிடுமா? லெய்டன் குழு இதற்கு ஒரு நேரான வழியைக் கண்டது. மெலனோமா பெரிதாகி, கண்ணையே எடுத்துவிட முடிவான நோயாளிகளில், அறுவைக்குச் சில காலம் முன்பே லேசர் கொடுத்தார்கள். எடுத்த கண் ஆய்வகத்துக்கு வந்தது. கட்டிக்குள் 3.9 மில்லிமீட்டர் ஆழம் வரை செல்கள் இறந்திருந்தன. 1995இல் வெளிவந்த இந்த எண்தான் அடுத்த பல ஆண்டுகளுக்கு மருத்துவர்களின் அளவுகோல். தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் லேசர் போதும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

போதவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, லேசர் மட்டுமே பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்குக் கட்டி திரும்ப வந்தது. பெரும்பாலும் ஓரங்களில், அல்லது கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்கிளீராவுக்குள் ஏற்கெனவே ஊடுருவியிருந்த செல்களிலிருந்து. விலங்குச் சோதனை இதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை? கிரீன் மெலனோமா மூர்க்கமாக வளரக்கூடியது. சில வாரங்களில் முயலின் கண்ணையே நிரப்பிவிடும் என்பதால் சோதனைகளும் சில வாரங்களில் முடிந்துவிடும். மனிதக் கட்டி மூன்று, ஐந்து, பத்து ஆண்டுகள் பதுங்கியிருந்து தலைகாட்டும். ஆழம் எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த விலங்குகள் சரியாகவே பதில் சொல்லியிருந்தன. எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியை அவற்றிடம் கேட்டிருக்கவே கூடாது.

விளைவாக லேசர் தன் இடத்தைச் சுருக்கிக்கொண்டது. கண் மெலனோமாவுக்கு இன்று பரவலாகத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று, கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் கட்டிக்கு நேர் பின்னால் சில நாள் தைத்து வைப்பது. நடுத்தர அளவுக் கட்டிகளுக்குத் தகடு வைத்தாலும் கண்ணையே எடுத்தாலும் ஆயுளில் வேறுபாடில்லை என்று 1,317 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க-கனடிய ஆய்வு 2001இல் காட்டியது. தகட்டின் கதிர் அடியில் வலுவாகவும் உச்சியில் மெலிந்தும் இருக்கும். லேசர் நேரெதிர், உச்சியில் வலு, அடியில் மெலிவு. இரண்டையும் சேர்த்துத் தருவதை மருத்துவர்கள் சாண்ட்விச் சிகிச்சை என்றே அழைக்கிறார்கள்.

குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா வேறு வகைப் புதிர். கண்மணியில் வெள்ளையாக மின்னும் இதைப் பூனைக்கண் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டு வருவார்கள். உலகில் இந்த நோயுள்ள குழந்தைகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. கட்டி சுண்ணாம்பு போல் வெளிறியிருக்கும், அதில் மெலனின் இல்லை. லேசர் அதன் அடியில் உள்ள நிறமி அடுக்கைத்தான் சூடாக்குகிறது. அந்தச் சூடு மேலேறிக் கட்டியைத் தொட வேண்டும். எனவே சிறிய கட்டிகளுக்கே தனியாகப் பயன்படும்.

இதற்கு ஒரு விலங்கு மாதிரி தேடியபோது மரபியல் ஒரு பாடம் புகட்டியது. 1986இல் ஆர்பி1 என்ற மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இரு பிரதிகளும் பழுதானால் குழந்தைக்கு இந்தக் கட்டி வருகிறது. ஒரு பிரதி பழுதான சுண்டெலியை 1992இல் மூன்று குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. கண்ணில் கட்டி வரும் என்று காத்திருந்தார்கள். கண் சுத்தமாக இருந்தது, பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தது! சுண்டெலியின் விழித்திரையில் ஆர்பி இல்லாத குறையை அதன் உறவுக்கார மரபணு ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. மனித விழித்திரையில் அந்தக் காப்பு அவ்வளவு வலுவாக இல்லை. இதற்குள் 1990லேயே ஜோலீன் விண்டில் குழு வேறு வழியில் வெற்றி கண்டிருந்தது. எஸ்வி40 வைரஸின் ஒரு புரதத்தைச் சுண்டெலியின் விழித்திரையில் சுரக்கவைத்தார்கள். அது ஆர்பி புரதத்தையும் வேறு சில காவலர்களையும் முடக்கிப்போட, இரு கண்களிலும் கட்டிகள் முளைத்தன. மயாமியின் பாஸ்கம் பாமர் கண் நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் கார்போபிளாட்டின் மருந்தைக் கண்ணைச் சுற்றி ஊசியாகப் போடுவது போன்ற உள்ளூர்ச் சிகிச்சைகள் இந்த எலிகளில் பரிசோதிக்கப்பட்டன. வெப்பம் பட்ட செல்லில் கார்போபிளாட்டின் கூடுதலாக வேலை செய்யும். 1996இல் லாஸ் ஏஞ்சல்ஸின் லின் மர்ஃப்ரீ, மருந்தை நரம்பில் ஏற்றி, அது உடலில் இருக்கும்போதே லேசரால் கட்டியைச் சூடாக்கும் முறையைக் குழந்தைகளில் விவரித்தார். பல குழந்தைகளுக்குக் கண்ணை எடுக்காமலே தப்பிக்க இது போன்ற கூட்டுச் சிகிச்சைகள் வழி திறந்தன.

நிறமி இல்லாத கட்டிக்கு நிறமியை நாமே கொடுத்தால் என்ன? இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நன்றாக விழுங்கும். அதை நரம்பில் ஏற்றிவிட்டு 810 லேசரைப் பாய்ச்சினால் கட்டியின் ரத்தக்குழாய்களே அடுப்பாகின்றன. இன்னும் சில சாயங்களுக்குச் சூடே தேவையில்லை. ஒளி பட்டதும் சுற்றியுள்ள ஆக்சிஜனைக் கிளர்த்திவிட்டு, அதன்மூலம் செல்லைக் கொல்லும். ஒளியியக்க சிகிச்சை என்பது இதுதான். 1994இல் ஊர்சுலா ஷ்மிட்-எர்ஃபுர்ட் குழு இத்தகைய சாயத்தை, கிரீன் மெலனோமா நட்ட முயல்களின் கண்ணில் வெற்றிகரமாகச் சோதித்தது. அதே சாயம் வெர்டிபோர்ஃபின் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு முதியோரின் விழித்திரை நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டியைத் தேடிப் போன முயல்கள் வேறொரு நோய்க்கும் பாதை போட்டுக்கொடுத்தன.

சாயத்தைக் கட்டிச் செல்களுக்கு மட்டும் கொண்டுசேர்ப்பது அடுத்த படி. மனித பாப்பிலோமா வைரஸின் வெறும் ஓட்டை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கினால், அது பலவகைப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. ஓட்டுக்குள் வைரஸின் மரபுப்பொருள் இல்லாததால் தொற்றாது. அந்த ஓட்டின்மீது ஒளிக்குத் துடிக்கும் சாயத்தை ஏராளமாக ஒட்டி, கண்ணுக்குள் செலுத்தி, 689 நானோமீட்டர் லேசரைக் காட்டினால், ஓடு ஒட்டியிருக்கும் செல்கள் மட்டும் சாகின்றன. ஆரா பயோசயன்சஸ் நிறுவனத்தின் ரோண்டா கைன்ஸும் சக ஆய்வாளர்களும் 2018இல் இதை முயல்களில் காட்டினார்கள். இம்முறை ஹாம்ஸ்டர் கட்டி இல்லை. லெய்டனில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து பெறப்பட்டு, 92.1 என்ற பெயரில் வளர்க்கப்பட்டுவரும் மனிதச் செல்கள். கண்ணின் சலுகை மட்டும் மனிதச் செல்லைக் காப்பாற்றப் போதாது என்பதால் சைக்ளோஸ்போரின் கொடுத்து முயலின் எதிர்ப்பை அடக்கினார்கள். மனிதச் செல்லை வைத்தது பெரிய முன்னேற்றம். ஆனால் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவிட்டதால், சிகிச்சை அந்த மண்டலத்தைத் தட்டி எழுப்புமா என்பதை அதே முயலிடம் கேட்க முடியாமல் போனது.

நாய்கள் இந்தக் கதையில் ஆய்வுப் பொருளாக மட்டும் வரவில்லை, நோயாளிகளாகவும் வருகின்றன. நாய்க்குக் கண் மெலனோமா தானாகவே வரும், பெரும்பாலும் ஐரிஸில். 1999இல் சிந்தியா குக், டேவிட் வில்கி என்ற கால்நடைக் கண் மருத்துவர்கள், ஐரிஸ் மெலனோமா என்று கருதப்பட்ட 23 நாய்களுக்கு டையோடு லேசர் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். முன்பெல்லாம் கண்ணையே எடுத்திருப்பார்கள். இதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது தவறு. நாயின் கட்டி கண்ணின் முன்பக்கம் வரும், உடலில் பரவுவது அரிது. மனிதரில் பத்தில் ஒன்பது பங்கு பின்பக்கக் கரும்படலத்தில் வரும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈரல் முதலான உறுப்புகளுக்குப் பரவும்.

விலங்குகளை இப்படிப் பயன்படுத்துவது சரியா என்ற கேள்வியை ஓரமாகத் தள்ள முடியாது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் முன்வைத்த மூன்று விதிகள் இன்றும் அடிப்படை: முடிந்தால் விலங்கைத் தவிர், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி. இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு ஆய்வகங்களைக் கண்காணிக்கிறது. கண் ஆய்வில் பொதுவாக ஒரு கண்ணில் மட்டுமே தலையிட்டு, மறு கண்ணை விட்டுவிடுகிறார்கள். வெள்ளை முயலில் நிறமிக்கான சோதனையைச் செய்வது போல, கேள்விக்குப் பொருந்தாத விலங்கைத் தேர்ந்தெடுத்து வீணாக்கிய உயிர்கள்தான் மிகவும் உறுத்துகின்றன. அங்கே முயலுக்கும் நன்மையில்லை, நோயாளிக்கும் இல்லை.

வைரஸ் ஓட்டு மருந்து இப்போது பெல்-சார் என்ற சுருக்கப் பெயரில் மூன்றாம் கட்ட மனிதச் சோதனையில் இருக்கிறது. சேர்க்கப்படுவோர் சிறிய கட்டி உள்ளவர்கள். கதிரியக்கத் தகடு பார்வையைப் பறித்துவிடும் என்ற அச்சத்தால், கட்டி பெரிதாகும்வரை காத்திருந்து பார்ப்போம் என்று மருத்துவர்கள் தள்ளிப்போட்டு வந்த கூட்டம் அது. கட்டி வளராமல் நிற்கிறதா என்பதோடு, நோயாளி அட்டையில் எத்தனை எழுத்து படிக்கிறார் என்பதையும் அங்கே எண்ணுகிறார்கள். முயலின் விழித்திரையில் கூர்பார்வைக்கான மேக்குலா கிடையாது. அதன் பார்வை ஒரு கிடைமட்டப் பட்டையாகப் பரவியிருக்கிறது. மேக்குலாவுக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் கட்டியைச் சுட்டால் எத்தனை எழுத்து மிஞ்சும் என்பதற்கு விடை, அந்தச் சோதனையில் சேர்ந்திருக்கும் நோயாளிகளிடமிருந்துதான் வர வேண்டும்.